தீர்க்கதரிசி என்பவர் யார்?

(நம் பங்கின் ஜூபிலி விழாவின்போது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாவில் ஏதாவது பேச வேண்டும் என்று பங்குத் தந்தை அவர்கள் பணித்தபோது, பங்கின் வரலாற்றைப் பேசுவதா, பக்தி முயற்சிகளைப் பேசுவதா என்று நான் யோசித்தேன். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிந்தது சொல். எனவே ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் முன் வந்திருக்கிறேன்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னைக் கேட்டான்: "சார், தீர்க்கதரிசின்னா ஜோசியக்காரரா?" வகுப்பே சிரித்தது. "இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் இல்லை என்று அவனுக்கு விளக்க அன்று என்னால் முடியவில்லை. அந்தப் பையனுக்கு நான் தர வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்குரியதன்று, இருந்தாலும் சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். காலைத் திருப்பலி முடிந்து, விருந்தாளிகளுக்கு மீன் வாங்கலாம் என்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போயிருந்தேன். கடல் உள்வாங்கிக் கிடந்தது. என் வாழ்நாளில் பார்த்திராத பாறைகள் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன. "ஏழு கோயில் தெரியுது, ஏழு கோயில் தெரியுது" என்று பையன்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். மல்லையில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறைக் கடல் கொண்டது என்னும் பழங்கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகவே நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்போது ஒரு மீன்காரக் கிழவி, தலையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டு, "ஏறுங்கடா மேட்டுக்கு! ஏறுங்கடா!" என்று கத்திக்கொண்டே வந்தார். பக்கத்துக் குப்பத்துக்காரர். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நம் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் பூக் கொடுக்கத் தவறாதவர். என் கையைப் பிடித்து இழுத்து, "வாத்தியாரே, ஏறு!" என்றார். ஏன் என்று கேட்கவும் நேரமில்லை. சாலையை நோக்கி ஓடினோம். பின்னால் கேட்ட சத்தத்தை நான் இங்கே வருணிக்கப் போவதில்லை. கேட்டவர்கள் உங்களிலேயே பலர் இருக்கிறீர்கள். என்னோடு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை.

சில நாட்களில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: "ஆயாவுக்கு அருள் வந்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துவிட்டதாம்." வெற்றிலை பாக்கோடு ஆட்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும், காணாமற்போன மகன் வருவானா, அலை மறுபடி வருமா என்று கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம் பங்கிலிருந்தும் சிலர் போனார்கள். நானும் போனேன், நன்றி சொல்லத்தான் போனேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள் எல்லாரையும் விரட்டிவிட்டார். என்னைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது வாத்தியாரே. நான் தண்ணியப் பாத்தேன். நீங்க கல்லப் பாத்தீங்க. அவ்ளோதான்."

அன்பார்ந்தவர்களே, தீர்க்கதரிசி என்ற சொல்லுக்கு நான் படித்த அகராதிகள் எல்லாம் தராத விளக்கத்தை அந்த அம்மாள் தந்தார். அது எப்படி என்று பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

தீர்க்கதரிசி வடசொல். தீர்க்கம் என்றால் நீளம். தரிசி என்றால் காண்பவர். தரிசனம், திருஷ்டி ஆகிய சொற்களும் இதே வேரிலிருந்து பிறந்தவையே. ஆக, தீர்க்கதரிசி என்பவர் நெடுந்தொலைவு காண்பவர். நாளை நடப்பதை மந்திரத்தால் அறிபவர் என்ற பொருள் அந்தச் சொல்லின் உடலில் இல்லை. வடமொழியில் அதன் முதற்பொருள் விவேகி, முன்யோசனை உள்ளவர் என்பதே. வடமொழி அகராதிகள் கழுகுக்கும் இப்பெயரைத் தருகின்றன. நம் செங்கற்பட்டுப் பக்கத்தாருக்கு இது விளங்காமற் போகாது. திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளையில் வந்து இறங்கிய கழுகுகளைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இங்கே உண்டு. அவை வராமற்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கழுகு நாளையைப் பார்ப்பதில்லை. உயரத்தில் இருப்பதால் இன்றைக்கு உள்ளதையே நம்மைவிட அதிகத் தொலைவு பார்க்கிறது.

இந்தச் சொல்லைத் தாங்கிய ஒரு பழங்கதை மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் இருக்கிறது. ஒரு குளத்தில் மூன்று மீன்கள் நட்பாக வாழ்ந்தன. ஒன்று தீர்க்கதரிசி. இன்னொன்று சமயத்துக்கு யோசிப்பது. மூன்றாவது எதையும் நாளைக்கு என்று தள்ளிப் போடுவது. செம்படவர்கள் மீன் பிடிக்கக் கருதிக் குளத்து நீரைப் பல பக்கமும் வடித்துவிடத் தொடங்கினார்கள். நீர் குறைந்துகொண்டே வந்ததைக் கண்ட தீர்க்கதரிசி, "ஆபத்து வருகிறது, வழி அடைபடுமுன் போய்விடுவோம்" என்று தோழர்களிடம் சொன்னது. அவை கேட்கவில்லை. அது நீரோட்டத்தோடு வேறு ஆழமான நீர்நிலைக்குப் போய்விட்டது. வலையில் பட்ட இரண்டில், சமயத்துக்கு யோசிப்பது தந்திரம் செய்து தப்பியது. தள்ளிப் போட்டது மாண்டது.

இதில் சோதிடம் எங்கே இருக்கிறது? கனவு எங்கே, அருள்வாக்கு எங்கே? நீர் குறைவதை மூன்று மீன்களும்தான் கண்டன. ஒன்றுதான் அதற்குப் பொருள் என்ன என்று கேட்டது. கிழவியும் அதைத்தான் செய்தார். நீர் போவதைப் பார்த்தார். கடல் இந்த நேரத்தில் இப்படிப் போகாதே என்று அவர் மனம் சொல்லிற்று.

நம் தமிழில் உள்ள சொற்கள்

வடசொல்லை விட்டு நம் சொற்களைப் பார்ப்போம். குறி சொல்லுதல் என்கிறோம். குறி என்றால் அடையாளம். குறிப்பு, குறிக்கோள் எல்லாம் அதன் சுற்றம். அடையாளத்தைப் பார்த்துச் சொல்வதே குறி. நாள்பட நாள்பட அடையாளம் போய்விட்டது. சொல்வது மட்டும் நின்றுவிட்டது.

தொல்காப்பியம் அறிவன் என்று ஒருவரைப் பேசுகிறது. மூன்று காலமும் முறையாக அறிந்தவர் அவர். முக்காலமும் உணர்ந்தவர் என்றால் நாம் உடனே சடாமுடியையும் மூடிய கண்ணையும் நினைக்கிறோம். ஆனால் உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கத்தைப் பாருங்கள். அறிவன் என்பவர் இரவும் பகலும் இடைவிடாமல் வானத்தைப் பார்த்து, வானவில்லையும் மின்னலையும் விண்மீன் வீழ்வதையும் கோள்களின் நிலையையும் மழையின் நிலையையும் கண்டு பயன் சொல்பவராம். அவர் கண்ணை மூடியவர் அல்லர். கண்ணைத் திறந்தே வைத்திருந்தவர்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே விரிச்சி என்னும் வழக்கம் வருகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்டிர் நெல்லும் மலரும் கொண்டு ஊர்ப்புறத்தில் நின்று, காதில் விழும் நற்சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். தாயைப் பிரிந்து வாடும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஓர் இடைப்பெண் தேற்றுவது அவர்கள் காதில் விழுகிறது. அதையே நற்குறியாகக் கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த இடைப்பெண்ணுக்கு எதிர்காலம் தெரியுமா? தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கன்றின் பசி. அவள் சொன்ன இரக்கமான வார்த்தை இன்னொரு வீட்டுத் துயரத்துக்கும் மருந்தாயிற்று.

அதே சங்கப் பாட்டுகளில் வேலன் என்னும் பூசாரியும் வருகிறான். மகள் மெலிந்துபோனாள் என்று தாய் அவனை அழைக்கிறாள். அவன் கழங்கு உருட்டி, ஆடி, இது முருகனால் வந்த நோய் என்கிறான். அவள் காதலால் மெலிந்தாள் என்பது தோழிக்குத் தெரியும். குறி சொன்னவன் தவறினான். கூட இருந்து பார்த்தவள் அறிந்தாள். புலவர்கள் இதை மெல்லிய நகைப்போடு பாடிவிட்டார்கள்.

மண்ணுக்குள் இருந்த குறி

வேலனைச் சொன்னதும் நம் கடற்கரையிலேயே உள்ள ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்கு அருகே, அந்த ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போனபின் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. 2005-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டினார்கள். செங்கல்லால் கட்டிய பழமையான முருகன் கோயிலின் அடித்தளமும், கல்லில் செய்த வேலும் கிடைத்தன. அந்தக் கோயிலைப் பழங்காலத்திலும் கடலலையே அழித்திருக்க வேண்டும் என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள்.

கவனியுங்கள். கடல் முன்பும் வந்திருக்கிறது. ஏழு கோயில் கதையைப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். கதை நம்மிடம் இருந்தது. அதை வேடிக்கைக் கதையாக வைத்திருந்தோமே தவிர, எச்சரிக்கையாக வைத்திருக்கவில்லை. இந்தோனேசியாவில் சிமலூ என்றொரு தீவு. 1907-இல் அங்கே பேரலை வந்தது. அந்த மக்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் வலுவாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004-இல் நிலநடுக்கம் அவர்களுக்கு மிக அருகில் நிகழ்ந்தது. தீவில் ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். அன்று இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மறவாமல் வைத்திருந்ததன் பயன் அது. தீர்க்க தரிசனம் என்பது முன்னோக்கி நீளுமுன் பின்னோக்கி நீள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்து இருளர் மக்களையும் நினைத்துப் பாருங்கள். மாசி மகத்தின்போது அவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். அருள் வந்தவரிடம் குறியும் கேட்கிறார்கள். அது அவர்கள் வழிபாடு. அதை நாம் இகழ வேண்டாம். ஆனால் உலகம் அவர்களை மதிப்பது அவர்களுடைய இன்னொரு குறிக்காக. மணலில் உள்ள தடத்தைப் பார்த்து, போனது எந்தப் பாம்பு, எந்த வளைக்குப் போயிற்று என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சு அங்கிருந்து போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மண்ணைப் படித்த படிப்பு அது.

விவிலியத்தில் இந்தச் சொல்

இனி நம் வேதத்துக்கு வருவோம். சாமுவேலின் முதல் நூலில் சவுல் தன் தந்தையின் கழுதைகளைத் தேடி அலைகிறான். கிடைக்கவில்லை. ஊரில் ஒரு திருக்காட்சியாளர் இருக்கிறார், அவரைக் கேட்போம் என்கிறான் வேலைக்காரன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சவுல் தயங்க, என்னிடம் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது என்கிறான் அவன். மாடு காணாமற்போனால் தட்சணையோடு குறி கேட்கப் போகும் நம் ஊர்க் காட்சியேதான்! அந்த இடத்திலேயே நூலாசிரியர் ஒரு குறிப்பை எழுதுகிறார்: இன்று இறைவாக்கினர் எனப்படுபவர் முற்காலத்தில் திருக்காட்சியாளர் எனப்பட்டார் என்று. சொல் மாறிவிட்டதை வேதமே பதிவு செய்கிறது.

பழைய எபிரேயச் சொல் ரோஏ; காண்பவர் என்று பொருள். பின்னால் நிலைபெற்ற சொல் நாபி. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் நபி என்பதும் இதன் உறவே. கிரேக்கத்தில் இதை புரொபேத்தேஸ் என்று பெயர்த்தார்கள். ஒருவர் சார்பில் எடுத்துரைப்பவர் என்பது அதன் கருத்து. அதாவது, கண்ணிலிருந்து வாய்க்கு மாறிற்று சொல். காண்பது மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும் என்று ஆயிற்று.

தமிழிலும் இதே மாற்றம் நடந்தது. நம் முன்னோர் தீர்க்கதரிசி என்றார்கள். அது கண்ணைப் பற்றிய சொல். 1995-இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இறைவாக்கினர் என்று வந்தது. அது வாயைப் பற்றிய சொல். பழைய சொல்லை எதற்கு மாற்றினார்கள் என்று முதியவர்கள் சிலர் அன்று குறைப்பட்டார்கள். நானும் குறைப்பட்டவன்தான். இரண்டும் வேண்டும் என்பதே இன்று என் எண்ணம். காணாமல் சொல்பவர் வாயாடி. கண்டும் சொல்லாதவர் கோழை.

குறி சொல்பவருக்கும் இறைவாக்கினருக்கும் உள்ள வேறுபாட்டை அறிய யோனாவின் கதை ஒன்று போதும். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் சொன்னார். மக்கள் மனம் மாறினார்கள், நகரம் அழியவில்லை. சொன்னது பலிக்கவில்லையே என்று அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆண்டவர் அவரைத் திருத்தினார். குறி சொல்பவருக்குத் தான் சொன்னது பலிக்க வேண்டும். இறைவாக்கினர் சொல்வதோ அது பலிக்காமல் இருப்பதற்காக! அந்தக் கிழவி "ஏறுங்கடா" என்று கத்தியதும் நாங்கள் சாவோம் என்று நிரூபிக்க அல்ல, சாகக்கூடாது என்றுதான்.

ஊதுகொம்பு

எசேக்கியேல் நூலில் இறைவாக்கினருக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது: காவலாளி. வாள் வருவதைக் கண்டால் அவர் கொம்பு ஊத வேண்டும். ஊதியும் மக்கள் கேட்காவிட்டால் பழி அவர்கள்மேல். கண்டும் ஊதாவிட்டால் பழி காவலாளிமேல்.

2004-இல் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன். நம் கரைக்கு அலை வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தியில் கேட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரத்தை மீனவருக்குச் சொல்ல வைத்திருந்தது. அதில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கிதான் எசேக்கியேலின் கொம்பு. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. காண்பதற்கு நமக்குக் கருவிகள் வந்துவிட்டன. கடைசிக் கூப்பிடு தூரத்தைக் கடக்க மட்டும் இன்றும் ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது.

ஜூபிலி கொண்டாடுகிறோம். அந்தச் சொல்லின் வேர் தெரியுமா? எபிரேயத்தில் யோபேல், ஆட்டுக்கடாவின் கொம்பு. ஜூபிலி ஆண்டு கொம்பு ஊதித்தான் தொடங்கும். ஆகவே நம் பங்குக்கு ஒரு சிறு வேண்டுகோள். நம் கோயில் மணியும் ஒலிபெருக்கியும் திருவிழாவுக்கு மட்டும் இருக்க வேண்டாம். ஆபத்து வந்தால் யார் மணி அடிப்பது, எந்த மேட்டுக்குப் போவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று இந்த ஆண்டே முடிவு செய்வோம். நிலம் அதிர்ந்தாலும் கடல் உள்வாங்கினாலும் நிற்காதே, ஓடு என்று முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவோம். கடல் மட்டுமன்று, பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளை, கடனில் மூழ்கும் குடும்பம், குடியில் தள்ளாடும் வீடு, இவையெல்லாம் நீர் குறைகிற குளங்களே. நாம் பார்க்கிறோம். பார்த்துச் சொல்கிறோமா?

மறைக்கல்வி வகுப்பில் கேட்ட தம்பி, நீ இந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறாய். உனக்கு என் பதில் இதுதான். ஜோசியக்காரர் உன் கையைப் பார்ப்பார். தீர்க்கதரிசி தண்ணீரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, தன் கூடையைப் போட்டுவிட்டு, உன் கையைப் பிடித்து இழுப்பார்.

அந்த மீன்கார அம்மாள் இன்று இல்லை. அவர் கையின் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக.

வாழ்க நம் பங்கு!